தவக்காலம் மூன்றாம் ஞாயிறு: சமாரியப் பெண் குடத்தை ஏன் விட்டுச் சென்றார்?

கிருஷ்ணகிரி வாசகி:

அனைவருக்கும் வணக்கம். 2026 மார்ச் 8 ஞாயிறு நற்செய்தியான யோவான் 4:5-42 பகுதியைப் பற்றி (கிணற்றடியில் இயேசு சமாரியப் பெண் ஒருவரிடம் தண்ணீர் கேட்டுப் பேச, அவர் குடத்தை அங்கேயே விட்டுவிட்டு ஊராரை அழைக்கப் போகும் பகுதி), அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடும் எங்கள் அன்பியக் கூட்டத்தில் பத்து நிமிடம் பேசும் பொறுப்பு இம்முறை எனக்கு வந்திருக்கிறது. வருபவர்கள் பெரும்பாலும் பெண்கள்தாம். இது புளி உலுக்கும் காலம் என்பதால், பகலெல்லாம் ஓடு உடைத்துக் கொட்டை எடுத்த விரல்களோடு வந்து அமர்பவர்களிடம் நான் பேச வேண்டும்.

சிறு வயது முதல் இப்பகுதிக்கு நான் கேட்ட மறையுரைகள் ஏறத்தாழ ஒரே தடத்தில்தான் சென்றிருக்கின்றன: ஐந்து கணவர்களைக் கண்டவள், ஊரார் முகத்தில் விழிக்க வெட்கி உச்சி வெயிலில் தண்ணீருக்கு வந்தவள், பாவ வாழ்வைத் துறந்ததற்கு அடையாளமாகக் குடத்தை விட்டுப் போனவள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தவக்காலத் தியானத்தில் போதகர் இதையே சற்றுக் கேலியாகச் சொன்னபோது, கணவரை இழந்து மறுமணம் செய்துகொண்ட அக்கா ஒருவர் என் பக்கத்தில் அமர்ந்திருந்தார். முக்காட்டை முன்னே இழுத்துவிட்டுக்கொண்டவர், தியானம் முடியும்வரை தலை நிமிரவில்லை. அவர் எங்கள் அன்பியத்துக்கும் வருபவர். இந்த விளக்கத்துக்கு நற்செய்தியிலேயே ஆதாரம் இருக்கிறதா, அந்தக் குடத்தை எப்படிப் புரிந்துகொள்வது என்று அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தருமபுரி:

அம்மா, தாங்கள் கேட்டது நல்ல கேள்வி. வாசகத்தில் இயேசு 'உனக்கு ஐந்து கணவர் இருந்தனர்' என்கிறாரே ஒழிய, 'பாவம்' என்ற சொல்லையோ 'மன்னிப்பு' என்ற சொல்லையோ அப்பெண்ணிடம் ஓரிடத்திலும் சொல்லவில்லை. அடுத்த அதிகாரத்தில் பெத்சதா குளத்தருகே நலம் பெற்றவரிடம் 'இனிப் பாவம் செய்யாதீர்' என்று சொல்லும் அதே யோவான் நற்செய்திதான் இங்கே அவ்வாறு சொல்லாமல் விடுகிறது.

மணவிலக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பவன் கணவன் என்றுதான் இணைச்சட்டம் 24 கூறுகிறது. சமாரியரும் ஏற்றுக்கொண்ட சட்டம் அது. ஆகவே அந்த ஐவரில் எத்தனை பேர் இறந்தனர், எத்தனை பேர் அவரைத் தள்ளிவிட்டனர் என்பதை நாம் முடிவு செய்ய முடியாது. தோபித்து நூலின் சாரா ஏழு கணவரைப் பறிகொடுத்தவர். அவரை நாம் இரக்கத்தோடுதானே வாசிக்கிறோம்! இப்போது உடன் இருப்பவர் கணவர் அல்லர் என்று இயேசு சொல்வது உண்மைதான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்கு அப்பெண் தரும் மறுமொழி, வழிபட வேண்டிய இடம் எருசலேமா, இந்த மலையா என்ற கேள்வி. பேச்சை மாற்றினார் என்று சிலர் சொல்வார்கள்; நான் அப்படி நினைக்கவில்லை. ஒருவரை இறைவாக்கினர் என்று கண்டுகொண்டவர், யூதர், சமாரியர் என்ற இரண்டு இனங்களைப் பல நூற்றாண்டுகளாகப் பிரித்து வைத்த வழக்கைத்தான் முதலில் அவர்முன் வைப்பார். 2 அரசர் 17-இல் அசீரிய அரசன் சமாரியாவில் குடியேற்றிய ஐந்து இடத்து மக்களையே ஐந்து கணவர் குறிக்கின்றனர் என்ற விளக்கமும் உண்டு. அங்கே பெயர் சொல்லப்படும் தெய்வங்கள் ஏழு என்பதால் எனக்கு அதில் முழு நிறைவு இல்லை.

குடத்தைக் குறிக்கும் 'ஹுட்ரியா' என்ற கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இங்கும், இயேசு தண்ணீரைத் திராட்சை இரசமாக்கிய கானாவூர்த் திருமணத்தின் கல்தொட்டிகளுக்கும் மட்டுமே வருகிறது. அங்கே தொட்டிகள் விளிம்புவரை நிரம்புகின்றன. இங்கே குடம் நிரம்பியதா என்றே யோவான் சொல்லவில்லை.

பென்னாகரத்திலிருந்து ஒரு குடும்பத் தலைவி:

உச்சி வேளையில் வந்ததாலேயே ஒரு பெண் நடத்தை கெட்டவள் என்றால், எங்கள் தெருவில் ஒருவரும் மிஞ்ச மாட்டோம். குழாயில் தண்ணீர் எப்போது வருகிறதோ அப்போதுதான் நாங்கள் போக முடியும். அது பகல் பன்னிரண்டு மணியாகவும் இருக்கும், நள்ளிரவாகவும் இருக்கும்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன்பு நிலைமை இன்னும் கடினம். ஆழ்துளைக் கிணற்று நீரில் இருந்த புளோரைடால் எங்கள் தலைமுறையில் பலருக்குப் பற்களில் பழுப்புக் கறை உண்டு. என் தங்கை இன்றும் புகைப்படம் எடுக்கும்போது வாயை மூடிக்கொள்வாள். அன்று நல்ல தண்ணீர் கிடைக்கும் ஒரே அடிபம்பில் விடியற்காலையிலேயே குடங்கள் வரிசையில் நிற்கும். அடுப்பில் உலை கொதித்தாலோ குழந்தை அழுதாலோ, குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடுவோம். விளிம்பில் நசுங்கியது என்னுடையது, கழுத்தில் நீலக் கயிறு கட்டியது பக்கத்து வீட்டு அத்தையுடையது; வரிசையில் அந்த இடம் அந்தக் குடத்துக்குரியது. வைத்துவிட்டுப் போகிறவள் திரும்பி வருவாள் என்பது அனைவருக்கும் தெரியும்.

அப்பெண்ணும் அப்படித்தான் வைத்துவிட்டுப் போனார் என்று நான் வாசிக்கிறேன். எதையும் துறந்து போகவில்லை. ஊரையே கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார். 'தண்ணீர் மொள்ள உம்மிடம் ஒன்றுமில்லை' என்று சற்று முன்னர்தான் அவர் இயேசுவிடம் சொல்லியிருந்தார் என்பதையும் கவனியுங்கள். குடிக்கத் தண்ணீர் கேட்டவருக்குத் தண்ணீர் கிடைத்ததாக வாசகத்தில் இல்லை. குடம் மட்டும் அவர் அருகில் இருந்தது.

அன்றைய முதல் வாசகமான விடுதலைப் பயணம் 17-ஐயும் விட்டுவிடாதீர்கள். தண்ணீருக்காக மக்கள் மோசேயிடம் வாதாடும் அக்காட்சியை, காலிக் குடங்களோடு சாலை மறியலில் உட்கார்ந்தவர்களுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஓசூர் சி.எஸ்.ஐ. சபை உறுப்பினர்:

நாங்கள் வாசிப்பது பழைய மொழிபெயர்ப்பு என்பதால் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். கத்தோலிக்கரான நீங்கள் வாசிக்கும், 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் 'வாழ்வு தரும் தண்ணீர்' என்று இருப்பது எங்களுக்கு 'ஜீவத்தண்ணீர்'. மூலத்தில் அச்சொல், தேங்கி நிற்காமல் ஊறி ஓடும் நீரையும் குறிக்கும். அப்பெண் அதை முதலில் அந்தப் பொருளில்தான் எடுத்துக்கொள்கிறார். வற்றாத ஆற்றை 'ஜீவநதி' என்கிற நமக்கு இந்த இருபொருள் எளிதில் பிடிபடும். காவிரிக்கரைப் பக்கத்திலிருந்து எழுதிய சகோதரிக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் குழாய்த் தண்ணீரோடு வாசகத்தை முடித்துவிடக் கூடாது. 'நான் கொடுக்கும் தண்ணீர் உள்ளே ஊற்றாகும்' என்று இயேசு சொல்வது வேறொரு தளத்துப் பேச்சு.

இன்னொன்று: அப்பெண் இயேசுவை அழைக்கும் கிரேக்கச் சொல் 'ஐயா' என்றும் 'ஆண்டவரே' என்றும் பொருள்படும். எங்கள் வேதாகமத்தில் அவர் தொடக்கத்திலேயே 'ஆண்டவரே' என்று அழைத்துவிடுகிறார். உங்களுடையதில் 'ஐயா' என்கிறார். வழியில் கண்ட அந்நியர் ஒருவரை நம் ஊர்ப் பெண் 'ஐயா' என்றுதானே கூப்பிடுவார்? உங்கள் மொழிபெயர்ப்பே இங்கு பொருத்தம் என்று ஒப்புக்கொள்கிறேன். உயிர்த்த இயேசுவைத் தோட்டக்காரர் என்று எண்ணி மகதலா மரியா அழைக்கும் இடத்தில் இரண்டுமே 'ஐயா' என்றுதான் சொல்கின்றன.

யோவான் இங்கே குறிப்பிடும் 'ஆறாம் மணி வேளை', அதாவது நண்பகல், 19-ஆம் அதிகாரத்தில் இயேசு ஆளுநர் பிலாத்துவின் முன் நிற்கும்போது மீண்டும் வருகிறது. அதன்பின் சிலுவையில் 'தாகமாயிருக்கிறேன்' என்ற சொல் வருகிறது. அங்கே கிடைத்தது புளித்த காடி. பெரிய வெள்ளியன்று அதை வாசிக்கும்போது எனக்கு இந்தக் கிணற்றடி நினைவுக்கு வருவதுண்டு.

கிருஷ்ணகிரி வாசகி:

மூவருக்கும் நன்றி. வெள்ளியன்று சிலுவைப்பாதை இருப்பதால் கூட்டம் சனிக்கிழமை மாலைக்கு மாறியிருக்கிறது. நான் விளக்கம் சொல்வதைக் குறைத்துக்கொண்டு, வாசகத்தையே ஆள் பிரித்துப் படிக்கச் செய்யலாம் என்று இருக்கிறேன். வீட்டிலிருந்து பித்தளைக் குடம் ஒன்றைக் கொண்டுபோய் நடுவில் வைத்துவிட்டு, பென்னாகரத்துச் சகோதரி சொன்ன வரிசைக் கதையை அவர் அனுமதியோடு சொல்வேன். சமாரியப் பெண்ணின் வரிகளை வாசிக்க அந்த அக்காவைக் கேட்டேன். முதலில் மறுத்தவர், எத்தனை வசனம் என்று நேற்று இரவு தொலைபேசியில் விசாரித்தார்.