இடுக்கிவால் பூச்சியை இத்தனை கிட்டத்தில் காட்டத்தான் வேண்டுமா?

மூன்றாம்கண்:
நேற்று ராத்திரி குளியலறைக் கால்மிதியைத் தூக்கினால் அடியில் ஓர் இடுக்கிவால் பூச்சி. ஆங்கிலத்தில் இயர்விக் என்பார்களே, உடம்பின் கடைசியில் பாக்குவெட்டி போல இரண்டு கொக்கி வைத்திருக்குமே, அதுதான். வெளிச்சம் பட்டதும் ஓட்டம். ஒரு மரப்பட்டையைப் பக்கத்தில் வைத்தேன், விரிசலுக்குள் புகுந்து அசையாமல் கிடந்தது. சுற்றிலும் உடம்பை இடித்துக்கொண்டு எதாவது இருந்தால்தான் அதற்கு நிம்மதி. ஒன்பது படம் எடுத்து, ஒன்றாக அடுக்கிச் சேர்த்ததுதான் இது. கொக்கி நன்றாக வளைந்திருப்பதால் ஆண். பெண்ணுக்கு ஏறக்குறைய நேராக இருக்கும்.

குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டேன். அக்கா குழுவை விட்டே போய்விட்டார். ஒரு பூச்சிக்கு இவ்வளவா?

செருப்புக்கட்சி:
ஒன்பது படம் எடுக்கிற நேரத்தில் ஒரே அடி, முடிந்தது. காதுக்குள் புகுந்து மூளையைத் தின்கிற ஜந்துவுக்கு போட்டோ ஷூட் ஒன்றுதான் குறைச்சல்.

மூன்றாம்கண்:
தின்னாது. செவிப்பறை, எலும்பு எல்லாம் தாண்டி மூளைக்குப் போக அதற்கு வழியே இல்லை. ஆங்கிலப் பேரில் காது இருக்கிறது. 1758-இல் லின்னேயஸ் என்ற இயற்கையியலாளர் ஃபோர்ஃபிகுலா ஆரிகுலேரியா என்று வைத்த அறிவியல் பேரிலும் காது இருக்கிறது. பேரிலேயே வதந்தி ஏறி உட்கார்ந்துவிட்டது. நாம் பூரான் மேல் போட்ட பழியை அவர்கள் இதன் மேல் போட்டார்கள், அவ்வளவுதான். விஷமும் கிடையாது. விரலில் அழுத்திப் பிடித்தால் கிள்ளும், அழுத்திப் பிடித்தால் யார்தான் கிள்ள மாட்டார்கள்?

தலையணை:
பயப்படுகிறவர்களுக்கு எல்லாம் பாடம் எடுக்கக் கிளம்பிவிடுகிறீர்கள். விஷம் இல்லை, காதுக்குள் குடியேறாது, எல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்து என்ன, உடம்பு கேட்பதில்லை. ஒரு தடவை முகம் துடைக்கத் துண்டை எடுத்தேன். கன்னத்தில் ஏதோ நூல் உரசுகிற மாதிரி இருந்தது. நூல் நகர்ந்தது. அதற்கப்புறம் எத்தனையோ மாதம் துண்டை மூன்று தடவை உதறாமல் தொட்டதில்லை. இதற்குப் பேர் அறியாமையா?

அப்புறம், உங்கள் படம். பூச்சி ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கும். என் கைப்பேசியில் அது என் உள்ளங்கை நீளம். கொக்கி லென்ஸைப் பார்த்து விரிந்து நிற்கிறது, பின்னால் கும்மிருட்டு, பக்கவாட்டில் ஒரு பளீர் வெளிச்சம். இப்படி எடுத்தால் பல்லி முட்டைகூடப் பூதமாகத் தெரியும். உங்கள் அக்கா பூச்சியைப் பார்த்து ஓடவில்லை, உங்கள் லைட்டிங்கைப் பார்த்து ஓடியிருக்கிறார்.

மூன்றாம்கண்:
இருட்டை நான் வைக்கவில்லை. இவ்வளவு கிட்டத்தில் லென்ஸ் துளையை எஃப் 11 என்று சுருக்கி, 1/200 நொடி மட்டும் திறந்தால் அறை வெளிச்சம் பதிவே ஆகாது. பிளாஷ் பட்ட இடம் மட்டும் தெரியும், பின்னணி தானாகக் கறுத்துவிடும். துளையைப் பெரிதாக்கினால் வெளிச்சம் வரும், ஆனால் பூச்சியின் கண் ஃபோகஸில் இருந்தால் உணர்கொம்பு மங்கிவிடும்.

தலையணை:
அதைத்தான் நானும் சொல்கிறேன். தானாக வந்த இருட்டு என்பது உங்களுக்குத் தெரியும். பார்க்கிற எனக்கு அது பேய்ப்படம்.

செருப்புக்கட்சி:
என்னதான் சொல்லுங்கள், படம் துல்லியம். பத்து நிமிஷம் ஃப்ரிட்ஜில் வைத்தீர்களா? அசையாமல் கிடக்குமாமே.

மூன்றாம்கண்:
அந்த வேலை எனக்குப் பிடிக்காது. குளிரில் விறைத்த பூச்சிக்குக் கால்கள் உள்ளே மடங்கிக்கொள்ளும், உணர்கொம்பு தொங்கிப்போகும், வெளியே எடுத்ததும் உடம்பெல்லாம் நீர் கோத்துக்கொள்ளும். பழகின கண் உடனே கண்டுபிடித்துவிடும். டார்ச்சின் மேல் சிவப்பு செல்லோபேன் தாளைச் சுற்றினால் போதும். பெரும்பாலான பூச்சிகளுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது, மிரளாது.

காகிதமடிப்பு:
எல்லோரும் கொக்கியையே எடுக்கிறீர்களே, இறக்கையை ஏன் விட்டுவிடுகிறீர்கள்? முதுகில் சட்டைக் காலர் மாதிரி தெரிகிற குட்டை மூடிக்குக் கீழேதான் அது இருக்கிறது. விரித்தால் மடித்த அளவைப்போல் பத்து மடங்குக்கு மேல் வரும். விரிந்தபின் அப்படியே நிற்பதற்குத் தசை வேலையும் வேண்டாம், மடிப்புகளே ஸ்பிரிங் மாதிரி பிடித்துக்கொள்கின்றன. 2018-இல் சூரிச் ஈ.டி.எச் பல்கலைக்கழக ஆட்கள் உட்பட ஒரு குழு இதைப் பார்த்துத் தானாக மடங்கும் பொருள்கள் செய்து சயன்ஸ் இதழில் எழுதினார்கள்.

செருப்புக்கட்சி:
பறக்குமா வேறு?

காகிதமடிப்பு:
பெரும்பாலும் பறக்காது.

செருப்புக்கட்சி:
பெரும்பாலும் என்றால்?

விதைப்பெட்டி:
நான் இரண்டு கட்சியிலும் இல்லை. டேலியா இதழை ராத்திரியோடு ராத்திரியாகக் கொறித்து வைக்கிற கூட்டம் இது. அசுவினியைத் தின்கிறது, அதனால் நண்பன் என்பார்கள். தின்கிறதுதான், என் நாற்றையும் சேர்த்துத் தின்கிறது. அழகு கிழகு என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ஆனால் ஒரு தடவை தொட்டியை நகர்த்தியபோது அடியில் சின்னக் குழி. முப்பது நாற்பது முட்டை, வெள்ளை வெளேரென்று, மேலே தாய். ஒவ்வொரு முட்டையாக வாயில் எடுத்து நக்கி வைத்துக்கொண்டிருந்தது. பூஞ்சை பிடிக்காமல் இருக்க அப்படிச் செய்யும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். என் விரல் பட்டு முட்டைகள் சிதறிவிட்டன. ஓடவில்லை. ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தது. அந்தத் தொட்டியை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன். மற்றதை இன்றைக்கும் நசுக்கத்தான் செய்கிறேன், பொய் சொல்ல மாட்டேன்.

தலையணை:
இதைப் படிக்கும்போது எனக்கு ஒன்றும் செய்யவில்லை. படமாக இருந்தால் மூடியிருப்பேன்.

மூன்றாம்கண்:
சரி, என்னதான் செய்யச் சொல்கிறீர்கள்? எச்சரிக்கை போட்டு மூடி வைக்கவா? ரோஜாப் படத்துக்கு எச்சரிக்கை போடுகிறோமா? இதற்கு மட்டும் போட்டால், பயப்பட வேண்டிய ஒன்று என்று நாமே முத்திரை குத்துகிற மாதிரி ஆகாதா?

தலையணை:
ரோஜா யார் முகத்திலும் ஊர்ந்ததில்லை. மூடி வைத்தால் பார்க்க விரும்புகிறவர் திறந்து பார்ப்பார். அதில் உங்களுக்கு என்ன நஷ்டம்? அது வேண்டாம் என்றால், அளவு தெரிகிற மாதிரி பக்கத்தில் ஒரு பொருளை வைத்து, மேலே இருந்து, பகல் வெளிச்சத்தில் எடுங்கள்.

மூன்றாம்கண்:
மேலே இருந்து எடுத்தால் முகமே தெரியாது. அது படமில்லை, பதிவேடு.

(மறுநாள்)

மூன்றாம்கண்:
எடுத்தேன். பட்டை மேல் அதே பூச்சி, பக்கத்தில் ஒரு தீக்குச்சி, ஜன்னல் வெளிச்சம். படமாகச் சுமார்தான். அக்காவுக்குத் தனியாக அனுப்பினேன். "இத்தனூண்டுக்கா நான் அலறினேன்?" என்று கேட்டார். குழுவுக்கு இன்னும் திரும்பி வரவில்லை.

தலையணை:
இந்தப் படத்தை மூடாமல் நாலைந்து நொடி பார்த்தேன். பிடிக்கவில்லை. ஆனால் பார்த்தேன். முதல் படத்தை இன்னும் திறக்க மாட்டேன்.

செருப்புக்கட்சி:
பாதிக் குச்சிகூட இல்லையே. ஆமாம், அது இப்போது எங்கே?

மூன்றாம்கண்:
படம் எடுத்ததும் பட்டையோடு வெளியே வைத்தேன். சாயங்காலம் பார்த்தேன், பட்டை இருக்கிறது.