கடலுக்குப் போற அப்பாவுக்கு சுகர் 60, மறுநாள் 350, என்ன பண்றது?

பாம்பன் பொண்ணு:
அப்பாவுக்கு ரெண்டு வேளை இன்சுலின், ஆனா சுகர் ஏறி ஏறி எறங்குது, போட்டுல போனா மறுநாள்தான் கரைக்கு வருவாரு, போன வாரம் வலை இழுக்கும்போதே வேர்த்து கை நடுங்கி சாஞ்சுட்டாரு, ரொம்ப பயமா இருக்கு.

மண்டபம் நர்ஸ்:
தங்கச்சி அது லோ சுகர். 70க்கு கீழ போனா உடனே 3 ஸ்பூன் சீனிய தண்ணில கலக்கி குடிக்கணும், 15 நிமிஷம் கழிச்சு டெஸ்ட், ஏறலைன்னா மறுபடி குடிக்கணும். மயங்கிட்டா வாயில எதையும் ஊத்தாதீங்க, பொரையேறிடும். போட்டுல கூடப் போறவங்ககிட்டயும் சொல்லி வைங்க. ஊசி எங்க போடுறாரு?

பாம்பன் பொண்ணு:
தொப்புளுக்கு இடது பக்கம் ஒரே எடம்தான்க்கா, தொட்டா நெல்லிக்கா மாதிரி கட்டியா இருக்கு.

மண்டபம் நர்ஸ்:
அய்யோ, கட்டில போட்டா மருந்து ஒழுங்கா ஏறாதும்மா, இந்த ஏத்த எறக்கத்துக்கு அதுவே காரணமா இருக்கலாம். எடம் மாத்தி மாத்தி போடணும். ஆனா புது எடத்துல அதே அளவு போட்டா சுகர் சடார்னு எறங்கும், அதனால டாக்டர்கிட்ட கட்டிய காட்டி அளவு கேட்டுட்டு மாத்துங்க.

கீழக்கரை:
எங்க வாப்பா இன்சுலின மீன் ஐஸ் பெட்டில வச்சு உறைய விட்டுட்டாக, உறைஞ்சா வீண்தான். வெயிலும் ஆகாது. கருப்பட்டி காபி சுகர ஏத்தாதுன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க தங்கச்சி, நாங்க நம்பி ரொம்ப பட்டுட்டோம்.