கையேட்டில் உள்ள தெரிவுகளைக் கட்டளை வரி நிரல் உண்மையில் ஏற்கிறதா என்று சோதிப்பது எப்படி?

கேள்வி (பாயான் லெப்பாஸ், பினாங்கு)

அனைவருக்கும் வணக்கம். இங்குள்ள ஒரு தொழிற்சாலையில், சோதனை மேடைகளிலிருந்து அளவீடுகளைத் திரட்டும் பைத்தான் நிரல்கள் சிலவற்றைப் பராமரிக்கிறேன். அவை அனைத்தும், கட்டளை வரியில் தட்டுவதைப் படித்துப் பிரிக்கும் ஆர்க்பார்ஸ் நூலகத்தைக் கொண்டு எழுதப்பட்டவை. கையேட்டை வேறொரு குழு எழுதுகிறது. சென்ற வெளியீட்டில் ஒரு தெரிவின் (கட்டளையோடு சேர்த்துத் தட்டும், ‘--’ என்று தொடங்கும் சொல்) பெயர் மாறியது, கையேட்டிலோ பழைய பெயரே நின்றுவிட்டது. இரவுப் பணியாளர்கள் கையேட்டைப் பார்த்துத் தட்டிய கட்டளை பிழை காட்டி நின்றது.

இனி இப்படி நேராதிருக்க, கையேட்டிலிருந்து தெரிவுகளின் பெயர்களைத் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ‘--ஹெல்ப்’ சேர்த்து இயக்கி, வெளியேறும் குறியீடு (நிரல் முடியும்போது தரும் எண்; 0 என்றால் பிழை இல்லை) 0 வந்தால் தேறியதாகக் கொள்ளும் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதினேன். ஹெல்ப் சேர்த்தால் கட்டாயக் கோப்புப் பெயர்களைக் கேட்காமலே நிரல் முடிந்துவிடும். ஆனால் நீக்கப்பட்ட பழைய பெயரும் தேறிவிடுகிறது. காரணம் என்ன?

மறுமொழி (கோலாலம்பூர்)

வணக்கம் நண்பரே. உங்கள் சோதனையைக் கெடுப்பது அந்த ஹெல்ப் தெரிவுதான். ஆர்க்பார்ஸ் தனக்குத் தெரியாத தெரிவைக் கண்டவுடன் பிழை சொல்வதில்லை. அதை ஓரமாக எடுத்து வைத்துக்கொண்டு அடுத்ததைப் படிக்கிறது, வரி முழுவதும் முடிந்த பிறகே ‘இவை எனக்குத் தெரியாதவை’ என்று கூறி 2 என்ற குறியீட்டுடன் வெளியேறுகிறது. ஹெல்ப் தெரிவோ, கண்ட இடத்திலேயே உதவிக்குறிப்பை அச்சிட்டு 0 உடன் நிரலை முடித்துவிடுகிறது. ஆகவே பிழை சொல்லும் கட்டத்தை உங்கள் நிரல் எட்டுவதே இல்லை.

இது நூலகத்துக்கு நூலகம் மாறும். கோப்புகளைப் பட்டியலிடும் குனூ கருவியான ‘எல்எஸ்’-இல் தெரியாத தெரிவை ஹெல்ப்புக்கு முன்னால் கொடுத்தால் உடனே பிழை வரும். பின்னால் கொடுத்தால் உதவிக்குறிப்பு மட்டும் வரும். எனவே எந்த முறையைக் கையாண்டாலும், நிச்சயமாக இல்லாத ஒரு பெயரையும் அதே வழியில் கொடுத்து, அது தோற்கிறதா என்று முதலில் பாருங்கள். அது தோற்காத சோதனையில் மற்றவை தேறுவதற்கு ஒரு பொருளும் இல்லை. என் கருத்தில், இந்த எதிர்ச்சோதனை இல்லாத எந்தத் தெரிவுச் சோதனையையும் வெளியீட்டுக்கு முன் நம்பக் கூடாது.

இன்னொரு பொறி உண்டு. ஆர்க்பார்ஸ், இயல்பு நிலையில், நீண்ட தெரிவுகளின் சுருக்கத்தையும் ஏற்கும்: ‘--வெர்போஸ்’ இருக்க, வேறெதனோடும் குழம்பாத வரை ‘--வெர்ப்’ என்றாலும் போதும். கையேட்டில் ஒரு பெயரின் கடைசி எழுத்துகள் விடுபட்டிருந்தாலும் சோதனை தேறும். பின்னொரு நாள் அதே தொடக்கத்துடன் புதிய தெரிவு சேர்ந்தால் அந்தக் கட்டளை முறிந்துவிடும். பைத்தான் 3.5 முதல் ‘அலவ்_அப்ரெவ்’ என்ற அமைப்பால் இதை அணைக்கலாம். ஆனால் 3.8-க்கு முந்தைய பதிப்புகளில் இதை அணைத்தால், ‘-விவி’ (‘-வி’ இருமுறை) போன்று சேர்த்து எழுதும் குறுந்தெரிவுகளும் வேலை செய்யாமல் போகும் என்பதைக் கவனத்தில் கொள்ளுங்கள்.

மறுமொழி (பட்டர்வொர்த்)

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஹெல்ப்பை நீக்கியவுடன் வேறு சிக்கல் எழும்: கட்டாயக் கோப்புப் பெயர் இல்லாவிட்டாலும் குறியீடு 2 தான், தெரியாத தெரிவுக்கும் 2 தான், எண் வேண்டிய இடத்தில் சொல்லைத் தந்தாலும் 2 தான். குறியீட்டை மட்டும் பார்த்துக் காரணத்தைப் பிரித்தறிய முடியாது. பிழைச் செய்தியைத் தேடலாம் என்றால், மொழி அமைப்பை மதிக்கும் கருவிகள் மலாய் அமைப்பிலுள்ள கணினியில் வேறு சொற்களில் பேசக்கூடும். அப்படித் தேடுவதானால் மொழியைத் தீர்மானிக்கும் ‘எல்சி_ஆல்’ மாறியை ‘சி’ (மொழிபெயர்க்காத இயல்பு நிலை) என்று வைத்த பிறகே தேட வேண்டும்.

உங்கள் நிரல்கள் பைத்தானில் இருப்பதால் இதைவிடத் தூய்மையான வழி உண்டு. பார்சரை (கட்டளை வரியைப் படித்துப் பிரிக்கும் உறுப்பு) உருவாக்கும் பகுதியைத் தனிச் செயற்கூறாகப் பிரித்துவிட்டு, சோதனையிலிருந்து நேரடியாக அதையே அழைத்து, ஒவ்வொரு தெரிவையும் அதற்குப் பொருந்தும் ஒரு மாதிரி மதிப்போடும், கட்டாய இடங்களுக்கான போலிப் பெயர்களோடும் கொடுங்கள். அளவீட்டுக் கருவி எதையும் தொடாமல் பார்சர் மட்டுமே இயங்குவதால், பதிவுகளை அழிக்கும் தெரிவைக்கூட அச்சமின்றிச் சோதிக்கலாம். அந்தத் தெரிவு தன் வேலையைச் செய்கிறதா என்பது வேறு சோதனை. இரண்டையும் ஒன்றாகக் குழைக்க வேண்டாம்.

கையேட்டில் இல்லாத தெரிவு நிரலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். உதவிக்குறிப்பில் வேண்டுமென்றே மறைக்கப்பட்ட பழைய பெயர்களுக்கு மட்டும் விலக்குப் பட்டியல் ஒன்றை வைத்துக்கொள்ளலாம்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. இல்லாத பெயர் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தேன். அதுவும் 0 உடன் தேறியது, காரணம் தெளிவாகிவிட்டது. பார்சரைத் தனியே பிரிக்கும் வேலையைத் தொடங்கிவிட்டேன். கையேட்டின் தெரிவுப் பட்டியலை உதவிக்குறிப்பிலிருந்தே உருவாக்கிக்கொண்டால் சோதனையே தேவைப்படாதா?

மறுமொழி (கோலாலம்பூர்)

பட்டியலுக்குத் தேவைப்படாது. ‘ஹெல்ப்2மேன்’ போன்ற கருவி, நிரலின் உதவிக்குறிப்பிலிருந்தே மேன் பக்கத்தை (கட்டளைக்கான கையேட்டுப் பக்கம்) எழுதித் தரும், பெயர்கள் பிசகா. ஆனால் கையேட்டில் மனிதர் எழுதும் மாதிரிக் கட்டளைகள் அப்படியே நிற்கும். உங்கள் இரவுப் பணியாளர்கள் பார்த்துத் தட்டுவது பெரும்பாலும் அவற்றைத்தான் என்பதால், அந்த வரிகளைப் பிரித்தெடுத்துப் பார்சரிடம் கொடுக்கும் சோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.