நிலாவுல வவ்வால் மனுஷன் புரளி: 24 அடி எதோட அளவு?

கோட்டைவாசல்: நேத்து பாலாறு இங்க எழுதினது: "1835ல நியூயார்க் சன் பத்திரிகை நிலாவுல வவ்வால் மனுஷன்னு விட்ட புரளியைப் படிக்காத ஜனம் நம்பிச்சு. 24 அடி நீள டெலஸ்கோப்னு வேற போட்டாங்க." நீளம் இல்லைங்க. லென்ஸோட விட்டம் 24 அடி. எடை 14,826 பவுண்டு, 42,000 மடங்கு பெருக்கும்னு அச்சுல இருக்கு.

பாலாறு: வவ்வால் மனுஷனைப் பார்த்ததா அந்தப் பத்திரிகை எழுதின வானியலாளர் ஜான் ஹெர்ஷல்கிட்ட நிஜமா இருந்தது 20 அடி டெலஸ்கோப். அது நீளம். அப்போ 24ம் நீளம்தான். எப்பப் பாரு அடுத்தவனைத் திருத்திக்கினு.

கோட்டைவாசல்: 20 அடி நிஜம், அதுல லென்ஸுக்குப் பதிலா இருந்த கண்ணாடியோட விட்டம் 18 அங்குலத்துக்குச் சொச்சம். 24 அடி புளுகு, லென்ஸ் விட்டம். நம்ம காவலூர் வைணு பாப்பு டெலஸ்கோப் கண்ணாடியே 2.34 மீட்டர். புளுகு லென்ஸ் அதைவிட மூணு மடங்கு அகலம்! லென்ஸை விளிம்புல மட்டும்தான் பிடிக்கலாம், பின்னாடி முட்டுக் கொடுத்தா வெளிச்சம் மறையும். பெருசானா சொந்த கனத்துலயே தொய்ஞ்சு பிம்பம் கலங்கும். 1897ல அமெரிக்காவுல யெர்க்ஸ் வானாய்வுக்கூடத்துல வெச்ச 40 அங்குல லென்ஸோட, பெரிய லென்ஸ் டெலஸ்கோப் கதை ஏறக்குறைய நின்னுது.

ஜவ்வாது: காவலூர் "நம்ம"ளா? 2019 நவம்பர்லயிருந்து திருப்பத்தூர் மாவட்டம்.

கோட்டைவாசல்: எங்களுக்கு அது வட ஆற்காடுதான்.

ஜவ்வாது: ஆவணத்துல அப்படி இல்ல.

பாலாறு: ஏன் நம்பினாங்கன்னு சொல்லுங்க. படிப்பு இல்லாததாலதானே?

கோட்டைவாசல்: படிச்சவங்களும்தான் நம்பினாங்க. ஹெர்ஷல் நிஜ ஆள், அப்ப கேப் டவுன் பக்கம் நிஜமாவே வானத்தைப் பார்த்துக்கினு இருந்தார். கேட்டு எழுதினா கப்பல்ல பதில் வர மாசக்கணக்கு. மூலம்னு காட்டின எடின்பரோ அறிவியல் இதழ் அதுக்கு முன்னாடியே நின்னுபோச்சு, யார் தேடிப் பார்ப்பாங்க? ஆகஸ்ட் 25ல ஆரம்பிச்சு ஆறு பாகம். முத நாள் முழுக்க லென்ஸ் கணக்கு, வவ்வால் மனுஷன் நாலாவது நாள்தான் வர்றான். அளவு சொன்னா அளந்தவன் ஒருத்தன் இருக்கான்னு மனசு எடுத்துக்கும். அதனாலதான் அந்த 24 அடியை விடமாட்டேங்கறேன். 2018 மே மாசம் போளூர்கிட்ட அத்திமூர்ல, குழந்தைக்குச் சாக்லேட் கொடுத்த வயசான அம்மாவைப் பிள்ளை பிடிக்கிறவங்கன்னு அடிச்சே கொன்னாங்க. அந்தப் புரளியைப் பரப்பினது வாட்ஸாப். செல்போன் வெச்சிருந்தவன்தான் அனுப்பினான், எழுத்து தெரியாதவன் இல்ல.

பாலாறு: பேச்சை மாத்தாதீங்க. 1806 வேலூர் கோட்டைக் கலகத்துல தலைப்பாகைத் தோல் விவகாரத்துலயும் இப்படித்தான் கத்தினீங்க.

கோட்டைவாசல்: அதுலயும் நான் சொன்னதுதான் சரி. விட்டம், 24 அடி.

பாலாறு: நீளம்.

ஜவ்வாது: காவலூரை இன்னும் திருத்தலையே?