சக்கரம் மாற்றினால் காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்ல வேண்டுமா?

நெடுவழிப்பயணி:
'இளம் ஓட்டுநர்கள் பிரீமியத்தைப் பாதியாக்குவது எப்படி' என்று சக்கரவர்த்தி22 நேற்று ஓர் உபதேசம் செய்திருந்தார். சாரம் இதுதான்: காரோடு வந்த 15 அங்குலச் சக்கரங்களைக் கழற்றி 17 அங்குல அலாய் (உலோகக் கலவை) சக்கரம் போட்டால் அது மாற்றமே ஆகாதாம். அதனால் நிறுவனத்திடம் சொல்ல வேண்டியதில்லையாம். பாலிசியில் முதன்மை ஓட்டுநர் என்று அப்பாவின் பெயரைப் போட்டுவிட்டு மகன் ஓட்டிக்கொண்டால் மிச்சச் செலவும் குறையுமாம். அதற்குக் கீழே நன்றி சொல்ல ஒரு வரிசை வேறு. படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. நான் 31 வருடங்களாக ஓட்டுகிறேன். ஒரு முறைகூட இழப்பீடு கேட்டதில்லை. என்னைப் போன்றவர்கள் கட்டும் பணத்தில்தான் இந்தப் புத்திசாலிகளின் விபத்துகளுக்குச் செலவாகிறது.

சக்கரவர்த்தி22:
ஐயா, பழைய டயர் 195/65 ஆர்15. அதன் வெளிவிட்டம் 634.5 மி.மீ. புதியது 225/45 ஆர்17. அதன் வெளிவிட்டம் 634.3 மி.மீ. வித்தியாசம் 0.2 மி.மீ. டயரில் ஒட்டிய தூசியே அதைவிடத் தடிமன். வேகமானி அதே வேகத்தைத்தான் காட்டுகிறது, கியரும் அதே கணக்கில்தான் விழுகிறது. பிறகு எது மாறியது? 634. இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம்கியர்:
அகலம் 195இலிருந்து 225 ஆகியிருக்கிறதே, அது எந்தக் கணக்கில் சேரும்?

சக்கரவர்த்தி22:
அகலமான டயர் சாலையை நன்றாகப் பிடிக்கும். பாதுகாப்புக் கூடியிருக்கிறது. நியாயமாகப் பார்த்தால் அவர்கள்தான் எனக்குத் தள்ளுபடி தர வேண்டும்.

மூன்றாம்கியர்:
ஆக, மாற்றம் இல்லை. ஆனால் மாற்றத்தால் பாதுகாப்புக் கூடிவிட்டது. அருமை.

பழைய கோப்பு:
இழப்பீட்டுக் கோப்புகளைப் பார்க்கும் வேலையில் பல வருடங்கள் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். முதலில், பாலிசி கேட்டு நாம் நிரப்பித் தரும் முன்மொழிவுப் படிவத்தில் என்ன கேட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அங்கே 'மாற்றம்' என்பதற்கு விளக்கமும் தந்திருப்பார்கள். பெரும்பாலும் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நிலையில் கார் இப்போதும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. வெளிவிட்டத்தை யாரும் கேட்பதில்லை. அலாய் சக்கரம் என்றால் நிறுவனம் கவலைப்படுவது இரண்டுக்காக: திருடர்களுக்கு அதன் மேல் கண், ஓரக்கல்லில் உரசினால் செலவும் கூடுதல். அதே மாடலுக்குத் தயாரிப்பாளரே தரும் அலாயாக இருந்தால் சில நிறுவனங்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. படிவத்தில் உள்ள வரியை யாராவது இங்கே எழுதினால் விவாதம் ஐந்து நிமிடத்தில் முடியும்.

நெடுவழிப்பயணி:
படிவம் கிடக்கட்டும். 15 என்பது 17 ஆனால் அது மாற்றம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும்.

சக்கரவர்த்தி22:
ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு 634 தெரியாது. அதனால்தான் அது கார் ஓட்டுவதில்லை.

பத்தொன்பது:
வணக்கம், நான் புதியவன். ஒரு சந்தேகம். இரண்டு மாதங்களுக்கு முன் பழைய கார் ஒன்று வாங்கினேன். டயருக்கும் அதன் மேலே உள்ள வளைவுக்கும் நடுவில் என் இரண்டு விரல்கூட நுழையவில்லை. அதே மாடல் நண்பனிடமும் இருக்கிறது. அதில் நான்கு விரல் தாராளமாக நுழைகிறது. குனிந்து பார்த்தால் உள்ளே சிவப்பு வண்ணம் பூசிய ஸ்பிரிங். காரைத் தாழ்த்துவதற்காக முந்தைய உரிமையாளர் மாற்றியிருக்கிறார் போலிருக்கிறது, விற்கும்போது சொல்லவில்லை. எனக்குத் தெரியாமல் நடந்ததை நான் நிறுவனத்திடம் சொல்ல வேண்டுமா?

புகைபோக்கிப்பிரியன்:
சக்கரவர்த்தி சொல்வதில் நியாயம் இருக்கிறது. என் காரில் பின்பக்கப் புகைபோக்கியை மட்டும் மாற்றினேன். குதிரைத்திறன் ஒன்றுகூடக் கூடவில்லை, சத்தம்தான் கூடியது. அதைச் சொன்ன பாவத்துக்குப் பிரீமியத்தை ஏற்றிவிட்டார்கள். சத்தத்துக்கு எதற்கு வரி?

மூன்றாம்கியர்:
சத்தத்துக்கு இல்லை ஐயா, சத்தம் வேண்டும் என்று ஆசைப்படுகிறவருக்கு. உங்கள் குழாய் ஆபத்தானதா என்பதைவிட, அப்படிக் குழாய் மாட்டுகிறவர்கள் மொத்தத்தில் எத்தனை முறை இழப்பீடு கேட்டு வருகிறார்கள் என்பதே அவர்களுக்குக் கணக்கு. வயதுக்கும் இதே கதைதான். நீங்கள் நல்ல பிள்ளையாக இருக்கலாம். உங்கள் வயதுக்காரர்கள் எல்லோரும் சேர்ந்துதான் உங்கள் விலையை எழுதுகிறார்கள்.

புகைபோக்கிப்பிரியன்:
பெண்களுக்கு மட்டும் குறைத்துக் கொடுத்தார்களே, அது எந்த நியாயம்?

மூன்றாம்கியர்:
எந்தக் காலத்தில் இருக்கிறீர்கள்? பாலினத்தை வைத்து விலை வைக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2011 மார்ச் 1ஆம் தேதியே தீர்ப்புச் சொன்னது. அங்கே 2012 டிசம்பர் 21 முதல் புதிய பாலிசிகளில் அந்தச் சலுகை இல்லை. பழைய கோபத்தை இன்னும் தூக்கிச் சுமக்கிறீர்கள்.

புகைபோக்கிப்பிரியன்:
ஐரோப்பாவைப் பற்றி யார் கேட்டார்கள்?

சக்கரவர்த்தி22:
பேச்சை எங்கேயோ கொண்டுபோகிறீர்கள். 634க்கு இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை.

நெடுவழிப்பயணி:
அப்பா பெயரில் பாலிசி எடுக்கச் சொன்னீர்களே தம்பி, முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள். அதன் பெயர் மோசடி.

சக்கரவர்த்தி22:
முதலில், என்னைத் தம்பி என்று அழைக்க வேண்டாம். இரண்டாவது, அப்பாவும் அந்தக் காரை ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில்.

மூன்றாம்கியர்:
வாரத்தில் ஆறு நாள் ஓட்டுகிறவர் கூடுதல் ஓட்டுநர், ஒரு நாள் ஓட்டுகிறவர் முதன்மை ஓட்டுநர்! தலைகீழாகச் செய்தால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. பாலிசியை உங்கள் பெயரில் எடுங்கள், விபத்தில்லாத பதிவுள்ள அப்பாவைக் கூடுதல் ஓட்டுநராகச் சேருங்கள். பல நேரங்களில் விலை உண்மையாகவே குறையும். உங்கள் பெயரில் விபத்தில்லாத வருடங்களும் சேரும். இப்போது சேர்வதெல்லாம் அப்பாவின் கணக்கில்தான். 30 வயதில் தனியாகப் பாலிசி எடுக்கப் போனால் கையில் ஒன்றும் இருக்காது.

பழைய கோப்பு:
மூன்றாம்கியர் சொல்வது சரி. சக்கரத்துக்கே வருகிறேன். காப்பீடு எழுதுபவருக்குத் தெரியாத முக்கியமான செய்தியை மறைக்கக் கூடாது என்ற விதி இன்று நேற்று வந்ததில்லை. இங்கிலாந்து நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபு 1766இல் ஒரு வழக்கில் சொன்னது. சுமத்ராவில் இருந்த ஒரு கோட்டைக்கான காப்பீட்டு வழக்கு அது.

சக்கரவர்த்தி22:
1766இல் அலாய் சக்கரம் இருந்ததா?

பழைய கோப்பு:
அவசரப்படாதீர்கள், நான் முடிக்கவில்லை. உங்களுக்குச் சாதகமானதும் இருக்கிறது. பிரிட்டனில் 2012இல் இயற்றி 2013 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் காப்பீட்டுச் சட்டம், தனிமனிதர் தாமாகவே எல்லாவற்றையும் ஒப்பிக்க வேண்டும் என்ற பழைய கடமையை நீக்கியது. கேட்ட கேள்விக்கு நியாயமான கவனத்தோடு பதில் சொன்னால் போதும். கவனக்குறைவால் தவறாகச் சொல்லி, அதனால் பிரீமியம் குறைந்திருந்தால், இழப்பீட்டையும் அதே விகிதத்தில் குறைக்கலாம். பத்துப் பங்கு கட்டியிருக்க வேண்டிய இடத்தில் ஆறு பங்கு கட்டியவருக்கு, பத்தில் ஆறு பங்கு இழப்பீடு. வேண்டுமென்றே மறைத்தவருக்கு ஒன்றும் இல்லை. கட்டிய பிரீமியமும் பொதுவாகத் திரும்பாது. நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடும். ஆனால் எங்கேயும் அடிப்படை, என்ன கேட்டார்கள் என்பதுதான். அதனால்தான் மறுபடியும் சொல்கிறேன், படிவத்தைப் பாருங்கள்.

சக்கரவர்த்தி22:
பத்தில் ஆறு கிடைக்கிறதல்லவா? அது போதும் எனக்கு. பார்த்தீர்களா பயணி ஐயா, சட்டமே என் பக்கம்.

நெடுவழிப்பயணி:
அது கவனக்குறைவுக்கு. நீங்கள் 'சொல்ல வேண்டாம்' என்று ஊருக்கே எழுதி வைத்திருக்கிறீர்கள். வேண்டுமென்றே செய்தீர்கள் என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?

சக்கரவர்த்தி22:
மாற்றம் இருந்தால்தானே மறைப்பதற்கு! இல்லாததை எப்படி மறைப்பது? 634.5. 634.3. இரண்டையும் கழித்துப் பாருங்கள். 31 வருட அனுபவத்தில் கழித்தல் வராதா?

நெடுவழிப்பயணி:
கழித்தல் வரும். உங்களைப் போன்றவர்களை நட்பு வட்டத்திலிருந்து கழிக்கவும் வரும்.

சக்கரவர்த்தி22:
ஒரு முறைகூட இழப்பீடு கேட்டதில்லை என்று பெருமைப்பட்டீர்களே. போன மழைக்காலத்தில் 'முன் கண்ணாடியில் கல் விழுந்து விரிசல், நிறுவனமே மாற்றிக் கொடுத்தது' என்று இங்கே எழுதியவர் யார்? எனக்கு மறதி கிடையாது.

நெடுவழிப்பயணி:
கண்ணாடி வேறு, இழப்பீடு வேறு.

மூன்றாம்கியர்:
சக்கரம் வேறு, மாற்றம் வேறு என்று அவரும் சொல்கிறார். இருவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் போலிருக்கிறீர்கள்.

நெடுவழிப்பயணி:
கண்ணாடிக்கு நான் தனியாகப் பணம் கட்டியிருக்கிறேன் அம்மா. அதனால் என் தள்ளுபடி பாதிக்கப்படவில்லை. அது இழப்பீடு ஆகாது. ஆகவே ஆகாது.

சக்கரவர்த்தி22:
நிறுவனம் பணம் கொடுத்தது. அது இழப்பீடு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும்.

பத்தொன்பது:
மன்னிக்கவும், என் ஸ்பிரிங் கேள்வி…

புகைபோக்கிப்பிரியன்:
எதற்கு இவ்வளவு சண்டை? கருப்புப் பெட்டி பொருத்திக்கொண்டால் விலை குறையும் என்கிறார்களே. யாராவது வைத்திருக்கிறீர்களா?

மூன்றாம்கியர்:
நான் ஒரு வருடம் வைத்திருந்தேன். எவ்வளவு வேகம், எவ்வளவு அவசரமாகப் பிரேக் போட்டோம், வளைவில் எப்படித் திரும்பினோம், இரவு எத்தனை மணிக்கு ஓட்டினோம் என்று எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளும். முதல் வாரம் குறுக்கே நாய் ஓடி வந்தது. ஓங்கி மிதித்தேன், வண்டி நின்றது, நாய் பிழைத்தது. மாலையில் கைப்பேசியில் என் மதிப்பெண் இறங்கியிருந்தது. நாயைப் பற்றி அதற்குத் தெரியாது. ஆனாலும் வருடக் கடைசியில் புதுப்பிக்கும்போது விலை இறங்கியது. அதை மறுக்க மாட்டேன். உங்கள் குழாயோடு பெட்டியை ஏற்பார்களா என்பதை முதலில் விசாரியுங்கள். மாற்றியமைத்த கார் என்றாலே சில நிறுவனங்கள் இந்தத் திட்டத்தைத் தருவதில்லை.

நெடுவழிப்பயணி:
பெட்டியும் வேண்டாம் சட்டியும் வேண்டாம். இளைஞர்கள் மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுக்கட்டும். மலிவாக முடியும்.

மூன்றாம்கியர்:
எல்லா இடத்திலும் இல்லை. ஓட்டுநரைப் பார்த்து நிறுவனமே விலை வைக்கும் சந்தைகளில், இளம் ஓட்டுநருக்கு மூன்றாம் நபர் பாலிசி முழுப் பாலிசியைவிட அதிகமாக வருவதும் உண்டு. அதைத் தேடி எடுப்பவர்கள் அதிகம் விபத்தில் சிக்குகிறார்கள் என்று அவர்களின் கணக்கு சொல்கிறது. இரண்டுக்கும் விலை கேட்டுவிட்டு எடுப்பதே நல்லது.

நெடுவழிப்பயணி:
குறைவான பொருளுக்கு அதிக விலையா? நம்ப மாட்டேன்.

மூன்றாம்கியர்:
நம்பச் சொல்லவில்லை, கேட்டுப் பார்க்கச் சொன்னேன்.

நெடுவழிப்பயணி:
கேட்கவும் மாட்டேன்.

பழைய கோப்பு:
கடைசியாக ஒன்று. சக்கரத்தைச் சொல்லாமல் விட்டு, யாரையாவது இடித்துவிட்டீர்கள் என்று வையுங்கள். அடிபட்டவருக்குப் பல நாடுகளில் நிறுவனம் பணம் கொடுத்தே தீர வேண்டும். பிறகு அந்தத் தொகையை உங்களிடம் வசூலிக்க வரும். கார் திருட்டுப் போவதைவிடப் பெரிய ஆபத்து அதுதான். கார் ஒரு விலையோடு முடியும், மனிதர் காயப்பட்டால் தொகைக்கு எல்லை கிடையாது. சொல்லியிருந்தாலும்கூட, அலாய்க்கு உரிய முழு விலை கிடைக்குமா, தொழிற்சாலைச் சக்கரத்தின் விலை மட்டுமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது கோப்பில் ஏறாது.

சக்கரவர்த்தி22:
நான் இடிக்க மாட்டேன். அகலமான டயர்.

புகைபோக்கிப்பிரியன்:
முழு வளைவில் திருப்பும்போது 225 டயர் உள்பக்கம் உரசுமே, உங்களுக்கு உரசவில்லையா?

சக்கரவர்த்தி22:
கொஞ்சம் உரசியது. உள்பக்கப் பிளாஸ்டிக்கை விரல் அகலத்துக்கு வெட்டிவிட்டேன். இப்போது உரசுவதில்லை.

மூன்றாம்கியர்:
காரையும் வெட்டியாயிற்றா! இதுவும் மாற்றம் இல்லைதானே?

சக்கரவர்த்தி22:
அது பராமரிப்பு.

நெடுவழிப்பயணி:
இதற்கு மேல் இவரோடு பேசுவது வீண். நான் விலகுகிறேன்.

சக்கரவர்த்தி22:
போன முறையும் இப்படித்தான் விலகினீர்கள். பன்னிரண்டு பதிவுகள் போட்டுக்கொண்டே விலகினீர்கள்.

நெடுவழிப்பயணி:
பதினொன்று.

பழைய கோப்பு:
படிவத்தை ஒருவராவது திறந்து பார்த்தீர்களா?

சக்கரவர்த்தி22:
தேவையில்லை. வெளிவிட்டம்தான் எல்லாம். மறுக்க நினைப்பவர் அளவு நாடாவோடு வரட்டும்.

பத்தொன்பது:
ஐயா, யாராவது சொல்லுங்களேன். நாளை மறுநாள் என் பாலிசி முடிகிறது. ஸ்பிரிங் மாற்றியிருப்பது இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. புதுப்பிக்கும்போது சொல்லத்தானே வேண்டும்?

சக்கரவர்த்தி22:
அதற்கு முன் ஒரு விவரம் தேவை தம்பி. உங்கள் டயர் என்ன அளவு?