ஆறு பெட்டி இழுக்க எதை வாங்குவது: அகல வளைவா, புது பேட்டரியா, கரண்ட் ஓடும் தண்டவாளமா?

குறுகிய வளைவு:
வணக்கம். கோவையிலிருந்து எழுதுகிறேன். 2018-இல் வந்த லெகோ பயணிகள் ரயில் என்னிடம் இருக்கிறது. புளூடூத்தில் ஓடும் பவர்டு அப் வகை. அதே அச்சில் கூடுதல் பெட்டிகளை நானே கட்டி மொத்தம் ஆறு ஆக்கினேன். நேர்ப்பாதையில் ஜம்மென்று போகிறது. வளைவுக்குள் நான்காவது பெட்டி நுழைந்ததும் முனகிக்கொண்டே நின்றுவிடுகிறது. புது பேட்டரி போட்டால் இரண்டு சுற்று கூடுதலாகப் போகும், அவ்வளவுதான்.

கையில் இருக்கும் காசு ஏதாவது ஒன்றுக்குத்தான் வரும். வெளிக் கம்பெனிகள் செய்யும் அகல வளைவுத் தண்டவாளம் வாங்கவா? பூவிஸ் மாதிரி லித்தியம் பேட்டரி வாங்கவா? இல்லை, 9 வோல்ட் உலோகத் தண்டவாளத்துக்கே மாறிவிடவா?

அசல் மட்டும்:
மூன்றும் வேண்டாம். இரண்டு பெட்டியைக் கழற்றி வையுங்கள்.

கிண்டலுக்குச் சொல்லவில்லை. அந்த மோட்டாரும் அந்த வளைவும் மூன்று நான்கு பெட்டிக்கு அளந்து செய்தவை. நான் ஒருமுறை ஆசைப்பட்டு ஓரிடத்தில் 3டி பிரின்ட் தண்டவாளம் வாங்கினேன். நிறம் ஒட்டவில்லை, அசல் துண்டுக்குப் பக்கத்தில் வைத்தால் பச்சை கலந்த சாம்பல். சரி போகட்டும் என்று விட்டேன். மே மாதம் ஒரு மத்தியானம் டப்பாவோடு காருக்குள் மறந்துபோனேன். சாயங்காலம் திறந்தால் ஒவ்வொரு துண்டும் அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரியை நெருங்கும்போதே இளகும் என்று அதன் பிறகுதான் தெரிந்துகொண்டேன். என்னிடம் இருக்கும் அசல் தண்டவாளங்கள் இருபது வருடமாக அதே வெயிலைப் பார்த்தவை.

பழைய ஒன்பது:
தம்பி, மூன்றாவதாகக் கேட்டீர்களே, அதுதான் சரியான கேள்வி.

என் ரயில் 1990-களில் வாங்கியது. கரண்ட் தண்டவாளத்தின் உலோகப் பட்டை வழியாகவே மோட்டாருக்குப் போகும். இன்ஜினில் பேட்டரி கிடையாது, அதனால் அந்த எடையும் கிடையாது. ஃபோன் வேண்டாம், ஆப் வேண்டாம். ரெகுலேட்டர் குமிழைத் திருப்பினால் ஓடும். என் மகன் திருப்பிய அதே குமிழை இப்போது பேரன் திருப்புகிறான். லெகோ 2007 வாக்கில் இதை நிறுத்தியது. ஆனால் கனடாவின் எஃப்எக்ஸ் பிரிக்ஸ் உலோகத் தண்டவாளத்தைப் புதிதாகச் செய்கிறது. பழைய துண்டுகளோடு அப்படியே பொருந்தும். லெகோ ஒருநாளும் தராத அகல வளைவுகளும் அதில் உண்டு. 16 ஸ்டட் (லெகோ கல்லின் மேலுள்ள புடைப்பு, அதுதான் அளவு) நீளத்துக்குப் பதில் 32 ஸ்டட் நேர்த்துண்டும் கிடைக்கும். இணைப்பு பாதியாகக் குறைந்தால் கரண்ட் இழப்பும் குறையும்.

புளூடூத் பைத்தியம்:
ஐயா சொல்வதைக் கேட்டால் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் "ரெகுலேட்டரைத் திருப்பினால் ஓடும்" என்பதோடு கதை முடிவதில்லை, மீதியையும் நான் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, 9 வோல்ட் மோட்டார். தண்டவாளம் புதிதாகக் கிடைத்தாலும் லெகோ அந்த மோட்டாரைச் செய்து வருடக்கணக்காகிறது. பழையதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், விலையும் பழங்காலத்து விலை இல்லை. இவர் கையில் இருக்கும் பவர்டு அப் மோட்டார் தண்டவாளத்திலிருந்து கரண்ட் எடுக்காது. ஆக, தண்டவாளம், மோட்டார், ரெகுலேட்டர் மூன்றையும் வாங்க வேண்டும். அப்புறம் ஒரே பாதையில் இரண்டு ரயில் விட்டால் இரண்டும் ஒரே குமிழுக்குத்தான் ஆடும். ஒன்று நிற்க, மற்றது ஓட வேண்டுமென்றால் பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தனித்தனியாகக் கரண்ட் கொடுக்க வேண்டும். ரயில் வளைந்து அதே பாதைக்கு எதிர்முகமாகத் திரும்புகிற மாதிரிப் போட்டால் பாசிட்டிவும் நெகட்டிவும் முட்டி ஷார்ட் ஆகும். கோவையில் கரண்ட் போனால் ரயிலும் போச்சு என்பது தனி.

லித்தியம் பேட்டரி கேட்டவருக்கு: பூவிஸ் நல்ல சாமான்தான். ஆனால் அதன் 2.0 பழைய பவர் ஃபங்ஷன்ஸ் (பவர்டு அப்புக்கு முந்தைய லெகோ மோட்டார் வகை) பிளக்குக்கானது. உங்கள் மோட்டாருக்கு 3.0 வேண்டும். எஸ்பிரிக் என்ற புளூடூத் கருவியும் பழைய பிளக்குக்குத்தான், அதற்குத் தனியாக ஒரு பேட்டரிப் பெட்டியும் தேவை. லித்தியம் பேட்டரியை விமானத்தில் அனுப்ப ஆயிரம் கட்டுப்பாடு, கஸ்டம்ஸ் வேறு.

நான் சொல்வது இதைவிட மலிவு. உங்கள் ஹப்பில், அதாவது இன்ஜினில் பேட்டரி போடும் புளூடூத் பெட்டியில், இரண்டு பிளக் ஓட்டை இருக்கிறது. ஒன்று காலியாகத்தானே கிடக்கிறது? இன்னொரு டிரெயின் மோட்டார் வாங்கி அதில் செருகுங்கள்.

குறுகிய வளைவு:
இரண்டாவது மோட்டார் யோசனை பிடித்திருக்கிறது. ஆனால் நண்பர் ஒருவரிடம் கடன் வாங்கி மாட்டிப் பார்த்தேன். ரயில் நகரவே இல்லை! சக்கரம் மட்டும் கர்ர்ர் என்றது.

புளூடூத் பைத்தியம்:
இரண்டு மோட்டாரும் எதிரெதிர் முகமாக மாட்டியிருப்பீர்கள். ஒன்று முன்னால் இழுக்க, மற்றது பின்னால் இழுக்கும். ஹப்பில் பைபிரிக்ஸ் என்ற மென்பொருளை ஏற்றுங்கள், இலவசம். இரண்டாவது மோட்டாரின் திசையைத் திருப்பிப் போட ஒரு வரி நிரல் போதும். அதன் பிறகு ஃபோன் இல்லாமல் லெகோ கைரிமோட்டிலேயே ஓட்டலாம். வேகம் படிப்படியாக ஏறுகிற மாதிரியும் எழுதிக்கொள்ளலாம்.

ஸ்கார்பரோ சிக்னல்:
எல்லாரும் இன்ஜினைப் பற்றியே பேசுகிறீர்கள். தம்பி முதல் வரியிலேயே சொல்லிவிட்டார், நேர்ப்பாதையில் ஆறு பெட்டியும் போகிறது என்று. அப்படியானால் மோட்டாருக்குப் பலம் இருக்கிறது. வளைவுதான் அதைத் தின்கிறது.

நான் ஒரு பலகையில் நேர்த்துண்டு நாலை மாட்டி, ஒரு பெட்டியை வைத்து, பலகையின் ஒரு முனைக்கடியில் கொப்பிகளை (நோட்டுப் புத்தகங்களை) ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்தேன். இரண்டு கொப்பிக்கு உருண்டுவிட்டது. பிறகு அதே பலகையில் லெகோ வளைவை மாட்டினேன். ஐந்து கொப்பி வைத்த பிறகுதான் மனமில்லாமல் நகர்ந்தது. பெட்டி அதே பெட்டி, சக்கரம் அதே சக்கரம்.

ஏனென்று கணக்குப் பாருங்கள். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 5 ஸ்டட், அதாவது 40 மில்லிமீட்டர். ஒரு முழு வட்டத்தில் வெளித் தண்டவாளம் உள்ளதைவிடச் சுமார் 25 சென்டிமீட்டர் நீளம். வட்டம் சின்னதோ பெரியதோ, இந்த 25 மாறாது. அச்சில் சேர்ந்து சுழலும் இரண்டு சக்கரத்தில் ஏதோ ஒன்று அவ்வளவு தூரத்தை வழுக்கித்தான் கடக்க வேண்டும். நிஜ ரயிலில் சக்கரம் லேசான கூம்பாக இருப்பதால் சமாளிக்கும், இங்கே அது இல்லை. லெகோவின் ஆர்40 வளைவில், அதாவது 40 ஸ்டட் ஆரத்தில், அந்த 25 சென்டிமீட்டர் வழுக்கலும் 2 மீட்டர் தூரத்துக்குள் நடக்கிறது. ஆர்104-இல் அதே வழுக்கல் 5 மீட்டருக்குமேல் பரவிவிடும். போதாததற்கு, இறுக்கமான வளைவில் நீள ரயிலின் நடுப்பெட்டிகளை இன்ஜின் உட்பக்கமாக இழுத்து விளிம்போடு தேய்க்கும். பெட்டி கூடக் கூட அதுவும் கூடும்.

இன்னொன்று. தண்டவாள அகலத்தை வைத்து லெகோவை 38-இல் ஒரு பங்கு என்று எடுத்தால், ஆர்40 என்பது நிஜத்தில் 12 மீட்டர் ஆரம். டார்ஜிலிங் மலை ரயிலின் பேர்போன அகோனி பாயின்ட் வளைவே சுமார் 18 மீட்டர்! அங்கே ஓடுவதும் இரண்டடிப் பாதையில் குட்டி இன்ஜின்.

அசல் மட்டும்:
கணக்கு அழகாக இருக்கிறது. வைக்க இடம்? ஆர்104-இல் ஒரு வட்டம் போட்டால் ஸ்லீப்பர் கட்டை விளிம்பு வரை குறுக்கே 1.73 மீட்டர், கிட்டத்தட்ட ஐந்தே முக்கால் அடி. நம் ஊர் பத்துக்குப் பத்து ரூமில் கட்டில், பீரோ, மேசை போக என்ன மிஞ்சும்? கனடாவில் உங்கள் ஸ்கார்பரோவில் எல்லாருக்கும் கீழே ஒரு பேஸ்மென்ட் இருக்கும்.

ஸ்கார்பரோ சிக்னல்:
எனக்கு பேஸ்மென்ட் இல்லை அண்ணை, அங்கே வேறொருவர் வாடகைக்கு இருக்கிறார். ஆர்104 என்றது கணக்குக்காக. நடுவில் ஆர்56, ஆர்72, ஆர்88 எல்லாம் இருக்கின்றன. ஆர்72 வட்டம் நாலு அடி, ஆர்56 மூன்று அடிக்குக் கொஞ்சம் மேல். அசல் ஆர்40-ஏ இரண்டேகால் அடி பிடிக்கும்தானே?

3டி பிரின்ட் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், வெயில் ஊரில் பிஎல்ஏ தண்டவாளம் வாங்கக் கூடாது. ஆனால் வெளிக் கம்பெனி என்றாலே பிரின்ட் இல்லை. பிரிக்டிராக்ஸ், எஃப்எக்ஸ் எல்லாம் அச்சு வைத்து வார்த்தவை. வாங்குமுன் அந்த ஒரு கேள்வியைக் கேட்டால் போதும்.

அசல் மட்டும்:
எனக்கு அதில் இன்னொரு மனத்தாங்கலும் உண்டு. அடுத்தவன் அறுபது வருடம் உழைத்து உருவாக்கியதற்குத் தோதாகத் துண்டு செய்து விற்பது நகல்தானே?

ஸ்கார்பரோ சிக்னல்:
லெகோ தன் கல்லின் வடிவத்தையே வணிகச் சின்னமாகப் பதியப் பார்த்து, 2010-இல் ஐரோப்பிய நீதிமன்றம் முடியாது என்று சொல்லிவிட்டது. அதைவிட, ஆர்72 வளைவை லெகோ விற்கவே இல்லை. விற்காத சாமானுக்கு எப்படி நகல் எடுப்பது?

பழைய ஒன்பது:
இவ்வளவு நேரம் 9 வோல்ட்டுக்காகப் பேசிய நானே ஒன்றைச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்.

லெகோ ரயில் 1966-இல் 4.5 வோல்ட் பேட்டரியோடு வந்தது. 1969-இல் நடுவில் கரண்டுக்குத் தனியாக இரண்டு கம்பி வைத்த 12 வோல்ட். 1991-இல் என்னுடைய 9 வோல்ட். 2006-இல் ரிமோட் ரயில். அப்புறம் பவர் ஃபங்ஷன்ஸ், அதன் பிறகு 2018-இல் பவர்டு அப். பெரும்பாலும் முந்தைய பிளக் அடுத்ததில் அப்படியே நுழையாது. பவர் ஃபங்ஷன்ஸுக்கு ஒரு அருமையான சார்ஜ் செய்யும் பேட்டரிப் பெட்டி வந்தது, எட்டுக்கு நாலு ஸ்டட்தான். இப்போது அதுவும் இல்லை. ஆனால் தண்டவாள அகலம் மட்டும் 1966-லிருந்து அதே 5 ஸ்டட். இன்று வாங்கிய பெட்டியை என் பழைய பாதையில் வைத்தால் உருளும்.

அதனால் தம்பி, காசைக் கரண்ட் சாமானில் போடாதீர்கள், தண்டவாளத்தில் போடுங்கள். உலோகத் தண்டவாளமாக இருந்தால் எனக்குச் சந்தோஷம். அதன்மேல் பேட்டரி ரயிலும் ஓடும், யாரும் தடுக்கவில்லை.

புளூடூத் பைத்தியம்:
ஐயா கட்சி மாறிவிட்டாரா?

பழைய ஒன்பது:
மாறவில்லை. என் கட்சிக்கும் தண்டவாளம்தானே அடிப்படை.

அம்மாவும் ரயிலும்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் பையன் ரயிலும் இப்படித்தான் நின்றது. அச்சைக் கழற்றிப் பார்த்தீர்களா? தரையில் ஓடும் ரயிலில் தலைமுடி சுற்றிக்கொள்ளும். வெளியே தெரியாது, சக்கரத்துக்கும் அதைப் பிடிக்கும் துண்டுக்கும் நடுவில் நூல்கண்டு மாதிரி உட்கார்ந்திருக்கும்.

குறுகிய வளைவு:
எல்லாருக்கும் நன்றி. இப்போதுதான் பன்னிரண்டு போகியையும் (பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டம், பெட்டிக்கு இரண்டு) கழற்றி முடித்தேன். ஒன்பதில் முடி. நான்காவது பெட்டியின் பின் அச்சில் இருந்ததை ஊசியால் எடுத்து நீட்டினால் என் முழங்கை நீளம். வீட்டில் அவ்வளவு நீளக் கூந்தல் யாருக்கு என்பது எல்லாருக்கும் தெரியும், வாயைத் திறக்கவில்லை.

சுத்தம் செய்து மாட்டியதும் ஐந்து பெட்டி போகிறது. ஆறாவது நுழைந்தால் முனகுகிறது, ஆனால் பழைய மாதிரி செத்துப்போகவில்லை.

அசல் மட்டும்:
ஆக, ஐந்து பெட்டி. என் கணக்கில் ஒன்று கூடுதலாகவே வந்துவிட்டது. காசு செலவே இல்லை.

குறுகிய வளைவு:
ஆறாவதுதான் சார் சாப்பாட்டுப் பெட்டி. அதை விட மனம் வரவில்லை.

கட்டிலுக்கு அடியில் டேப் வைத்து அளந்தேன். கட்டில் மூன்றடி அகலம். ஆர்56 போட்டால் இரண்டு பக்கமும் ஒரு விரற்கடைதான் வெளியே வரும். ஆர்72 போட்டால் அரையடி அரையடி நீட்டிக்கொண்டு நிற்கும், ராத்திரி எழுந்தால் காலில் மிதிபடும். என் அம்மாவிடம் கேட்டேன். "பெருக்கும்போது தட்டாத மாதிரி இருந்தால் சரி" என்றார்.

ஸ்கார்பரோ சிக்னல்:
அப்படியானால் ஆர்56. வளைவுக்குள் நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் ஆர்104 துண்டு ஒவ்வொன்று வைத்தால் இன்ஜின் திடுமென்று திரும்பாது. ஆர்104 துண்டு ஒன்று 11.25 டிகிரி, ஆர்56 துண்டு ஒன்று 22.5. இரண்டு ஆர்104-உம் ஏழு ஆர்56-உம் சேர்ந்தால் சரியாக அரை வட்டம். ஸ்டட் கணக்கில் கொஞ்சம் விலகும், இரண்டு முனையிலும் ஒரே மாதிரிப் போட்டால் பாதை சேர்ந்துவிடும். இது தடம் புரளாமல் இருக்கத்தான், இழுவைக்கு ஆர்56 தான் உதவி.

புளூடூத் பைத்தியம்:
அந்தக் கடன் வாங்கிய மோட்டாரைத் திருப்பிக் கொடுக்குமுன் பைபிரிக்ஸ் போட்டு ஒருதரம் ஓட்டிப் பாருங்கள். அதுவும் இலவசம்தான்.

குறுகிய வளைவு:
அதைத்தான் இப்போது ஏற்றி முடித்தேன். இங்கே கரண்ட் போய்விட்டது, லேப்டாப்பில் சார்ஜ் 11 சதவீதம். ரயில் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது, பழைய ஒன்பது ஐயா மன்னிக்கவும்.