ஆஸிலேட்டர் மாற்றிய அனுபவம்: டப்பாவின் மேலுள்ள எண் மட்டும் போதாது

அமிகா 1200 கணினியில் செருகி அதன் வேகத்தைக் கூட்டும் முடுக்கி அட்டை ஒன்று சென்ற ஆண்டு என் கைக்கு வந்தது. அதில் 68030 செயலியும், அதற்குத் துணையாக 68882 என்னும் கணிதச் செயலியும் இருந்தன. ஆனால் கணிதச் செயலிக்கான ஆஸிலேட்டரை (சீரான மின்துடிப்பைத் தரும் சிறு உலோக டப்பா) யாரோ கழற்றி எடுத்திருந்ததால் அதன் சாக்கெட் காலியாகக் கிடந்தது. 68882 தன் முதன்மைச் செயலியோடு ஒரே துடிப்பில் ஓட வேண்டிய கட்டாயம் இல்லை என்பதால்தான் இத்தகைய அட்டைகளில் அதற்கென்று தனி ஆஸிலேட்டர் வைக்க இடம் விடுகிறார்கள். கணிதச் செயலியின் முதுகில் அதன் வேகம் 33 என்று அச்சிட்டிருந்ததைப் பார்த்து, என்னிடமிருந்த 33.333 மெகாஹெர்ட்ஸ் ஆஸிலேட்டர் ஒன்றைப் பொருத்தினேன்.

கணினி இயங்கியது, ஆனால் கணிதச் செயலியை அது கண்டுகொள்ளவே இல்லை. ஆஸிலேட்டரைக் கழற்றி, பற்றவைக்காமல் இணைத்துச் சோதிக்கும் பிரெட்போர்டில் 5 வோல்ட் கொடுத்து, மின்னலையைத் திரையில் காட்டும் ஆஸிலாஸ்கோப்பில் பார்த்தால் அலை குறையின்றி வந்தது. திரும்ப அட்டையில் வைத்தால் வெறும் நேர்கோடுதான். செயலியின் மீதும், சாக்கெட்டின் மீதும், என் பற்றவைப்பின் மீதும் மாறி மாறிச் சந்தேகப்பட்டு அரை நாளைச் செலவழித்த பிறகே, சாக்கெட்டின் நான்கு துளைகளையும் மல்டிமீட்டரால் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். முதல் பின் (ஆஸிலேட்டரின் முதல் கால்) செருகும் துளை நேராகத் தரையோடு, அதாவது மின்சுற்றின் 0 வோல்ட் இணைப்போடு, இணைந்திருந்தது.

காரணம் அதுதான். பழைய ஆஸிலேட்டர்கள் பலவற்றில் முதல் பின் உள்ளே எதனோடும் இணைக்கப்படாத வெறும் கால். ஆகவே, அட்டையை வடிவமைத்தவர் அதைத் தரையோடு இணைத்தாலும் கேடு நேராது. நான் பொருத்திய வகையிலோ முதல் பின் வெளியீட்டைத் திறந்து மூடும் கட்டுப்பாடு. அதைத் தரைக்கு இழுத்தால் ஆஸிலேட்டர் வாயை மூடிக்கொள்ளும். அந்தக் காலைத் தொடுப்பின்றி விட்டால் உள்ளிருக்கும் மின்தடையே அதை மேலிழுத்து வெளியீட்டைத் திறந்து வைக்கும் என்பதை டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளரின் விவரத்தாளில்) உறுதிசெய்துகொண்டு, காலைச் சாக்கெட்டுக்குள் போகாதபடி வெளிப்புறமாக வளைத்துப் பொருத்தினேன். அடுத்த முறை கணினியை இயக்கியதும் 68882 பட்டியலில் தோன்றியது.

பொருத்தும் திசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். உலோக டப்பாவின் நான்கு மூலைகளில் மூன்று வளைந்தும் ஒன்று கூராகவும் இருக்கும், அந்தக் கூர்மூலைதான் முதல் பின். துருவோ பசையோ அதை மறைத்திருந்தால், மல்டிமீட்டரில் டப்பாவின் உடலோடு தொடர்ச்சி காட்டும் காலைத் தேடுங்கள், அதுவே தரை. டப்பா இரண்டு அளவுகளில் வரும்; கால்கள் நான்கே ஆனாலும் பெரியதில் 14 கால் ஐசியின் வரிசைப்படியும் சிறியதில் 8 கால் ஐசியின் வரிசைப்படியும் எண்ணுவார்கள். பெரிய டப்பாவில் தரை 7ஆம் பின், வெளியீடு 8, மின்சாரம் 14. சிறிய டப்பாவில் முறையே 4, 5, 8. தலைகீழாகச் செருகினால் 14ஆம் பின் தரைக்கும் 7ஆம் பின் 5 வோல்ட்டுக்கும் போய்விடும். சில நொடிகளிலேயே விரல் வைக்க முடியாத அளவுக்குச் சுடும், பெரும்பாலும் அதோடு அதன் ஆயுள் முடிந்துவிடும். சிறிய டப்பாவைப் பெரிய சாக்கெட்டின் முதல் பின் பக்கமாகச் செருகினால், மின்சாரம் சரியான இடத்தில் சேர்ந்தாலும் தரையும் வெளியீடும் சேராது. எரியாது, ஓடவும் ஓடாது.

33 எண்ணிட்ட செயலிக்கு 40 மெகாஹெர்ட்ஸ் வைத்துப் பார்க்கலாமே என்று நண்பர்கள் கேட்டார்கள். நான் செய்யவில்லை. சிறிது நேரம் ஓடுவதைப் பார்த்து மகிழலாம். ஆனால் சூடேறிய பிறகு கணக்கில் வரும் பிழையை யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள், அட்டையும் இனி எளிதில் கிடைக்கக்கூடியதல்ல.

மறுமொழி:

ஐயா, உங்கள் பதிவைப் படித்ததும் எனக்கு நேர்ந்ததையும் எழுதத் தோன்றியது. ஐபிஎம் பிசியில் செருகும், தரவை ஒவ்வொரு பிட்டாக அனுப்பும் சீரியல் அட்டை ஒன்றில் ஆஸிலேட்டர் செத்துவிட்டது. டப்பாவின் மேல் துரு ஏறியிருந்ததால் 18432 என்னும் இலக்கங்கள் மட்டுமே தெரிந்தன, புள்ளி தெரியவில்லை. சீரியல் என்றாலே 1.8432 மெகாஹெர்ட்ஸ் என்பது மனப்பாடம் அல்லவா? அதை 16ஆலும் பிறகு 12ஆலும் வகுத்தால் விநாடிக்கு 9600 பிட் என்னும் வேகம் சரியாகக் கிடைக்கும். அந்த நம்பிக்கையில் 1.8432 வாங்கிப் பொருத்தினேன். எதிர்முனையில் குப்பையெழுத்துகளாக வந்தன. ஒரு விநாடியில் போக வேண்டிய 960 எழுத்துகள் போய்ச்சேரப் பத்து விநாடி ஆனதைக் கவனித்த பிறகுதான், ஆஸிலேட்டரின் வெளியீட்டிலிருந்து கிளம்பும் செப்புத் தடத்தைப் பின்தொடர்ந்தேன். அது சீரியல் சிப்புக்குப் போவதற்கு முன் பத்தால் வகுக்கும் ஐசி ஒன்றுக்குள் நுழைந்தது. அட்டைக்கு வேண்டியிருந்தது 18.432.

இன்னொன்று: பலகையில் பற்றவைத்த டப்பாவைக் கழற்றும்போது தரைக்காலுக்கு அவசரப்படாதீர்கள். அகலமான செப்புப் பரப்பு வெப்பத்தை எல்லாம் உறிஞ்சிவிடும். புதிய ஈயத்தைச் சேர்த்து உருக்கி, பிறகு உறிஞ்சி எடுப்பதே நல்லது. நான் இழுத்த இழுப்பில் ஒரு பேட் (காலைப் பற்றவைக்கும் செப்பு வட்டம்) பெயர்ந்து வந்துவிட்டது.

மறுமொழி:

மிக்க நன்றி. நீங்கள் சொன்ன வகுத்தல் கணக்கு எங்கும் உண்டு. 386 செயலி தன் வேகத்தைப் போல் இருமடங்கு துடிப்பைக் கேட்கும் என்பதால் 33 மெகாஹெர்ட்ஸ் பலகையில் 66.667 இருக்கும். முதல் ஐபிஎம் பிசியிலோ 14.31818ஐ மூன்றால் வகுத்தே 4.77 பெற்றார்கள். செயலியின் வேகத்தை மட்டும் பார்த்து ஆஸிலேட்டர் வாங்கினால் இரண்டிலும் தவறிவிடும்.

இப்போது புதிதாகக் கிடைப்பவற்றுள் 3.3 வோல்ட் வகைகளும் இருப்பதால், வாங்கும் முன் அதையும் பாருங்கள். 5 வோல்ட் சாக்கெட்டில் வைத்தால் அவை கெட்டுப்போகக்கூடும். தனி மின்சாரம் கொடுத்து ஓட்டினாலும், 5 வோல்ட்டில் இயங்கும் சிமாஸ் (ஐசிகளில் ஒரு வகை) உள்ளீடு 3.5 வோல்ட்டை எதிர்பார்க்கும் என்பதால் அந்தத் துடிப்பை உயர்நிலையாக ஏற்கும் என்று நம்ப முடியாது. டிடிஎல் என்னும் இன்னொரு வகை ஐசியின் உள்ளீட்டுக்கு 2 வோல்ட்டே போதும், அங்கே சிக்கலில்லை. அட்டை எந்த வகை என்று தெரியாத வரை நான் 5 வோல்ட் ஆஸிலேட்டரையே, அதுவும் சாக்கெட் வைத்துத்தான் பொருத்துகிறேன்.